வெளியே இருத்தப்பட்டவன்

மண்டபத்து வாசலில் நின்றவர்களைப் பார்த்தால் பரீட்சை எழுத வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆளுக்கொரு சூட்கேஸ், சிலரிடம் இரண்டு. கக்கத்தில் வரைபலகை, கோடு கீறுவதற்கான நீளமான ரீ-ஸ்குவயர், தோளில் சாப்பாட்டுப் பை. விமானத்தைத் தவறவிட்ட கூட்டம்போல ஏப்ரல் மாதக் குளிர்காற்றில் ஒடுங்கி நின்றார்கள். கட்டமைப்புப் பொறியியலாளராகப் பட்டயம் பெறுவதற்கான கடைசிப் பரீட்சை அது. ஏழு மணித்தியாலம். எந்தப் புத்தகத்தையும் உள்ளே கொண்டுபோகலாம் என்பதால் எல்லோரும் எல்லாப் புத்தகங்களையும் சுமந்து வந்திருந்தார்கள். புத்தகம் பார்த்து எழுதுகிற அந்தப் பரீட்சையில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்கள்தான் அதிகம்.

சபாரத்தினத்துக்கு இது மூன்றாவது தடவை. ஊரில் அவர் கட்டிடத் திணைக்களப் பொறியியலாளர். ஜீப்பும் சாரதியுமாகத் திரிந்தவர். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து, ஒரு சிறிய கம்பனியில் கட்டிட வரைபடம் கீறுகிறவராக ஒதுங்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகாத வெள்ளைக்காரப் பெடியன் சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவதைத் திரும்பக் கீறிக் கொடுப்பதுதான் வேலை. பட்டயம் கிடைத்தால் அந்தச் சிவப்புப் பேனா தன் கைக்கு வரும் என்று நம்பியிருந்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

திரும்பிப் பார்த்தார். முப்பது வயதிருக்கும். மெலிந்த ஆள், பெரிய கோட்டு. பெயர் எட்வேட், மன்னார்ப் பக்கம், இப்போது மனோர் பார்க்கில் இருப்பதாகச் சொன்னான். முதல் தடவை எழுதுகிறானாம். கொஞ்ச நேரம் கேள்விகள் எப்படி வரும் என்பதைப் பற்றிக் கதைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, ஒரு விஷயம். எனக்குச் சீனி வருத்தம். ஊசி போடுறனான். நேரத்துக்குச் சாப்பிடாட்டில் சீனி இறங்கிப்போகும். அப்ப குடிச்ச வெறிகாரன் மாதிரித் தள்ளாடுவன், கதையும் குழறும். அப்பிடி ஏதும் கண்டால் அவையளுக்குச் சொல்லிவிடுங்கோ. குளுக்கோஸ் டின் சூட்கேசுக்க மேலையே கிடக்கு."

"முதலே அவையிட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் கம்பனிக்குப் போயிடும் எண்டு பயம். பிறகு சைற்றில ஏற விடமாட்டாங்கள்."

"சரி சரி. நான் பாத்துக்கொள்ளுறன். நீர் பயப்பிடாமல் எழுதும்," என்றார் சபாரத்தினம்.

மண்டபம் பழையது, கூரை உயரமானது. சூடாக்கி வேலை செய்யவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். எல்லோரும் கோட்டோடு இருந்தார்கள். மடக்கு மேசைகள் கோடு இழுக்கும்போதெல்லாம் ஆடின. எட்வேட்டின் மேசை சபாரத்தினத்துடையதற்கு அடுத்த வரிசையில், ஒரு நடைபாதை தள்ளி இருந்தது. மேற்பார்வையாளர் வெள்ளை மீசை வைத்த வயதான மனிதர். விதிகளை வாசித்தார். இன்னொருவரோடு கதைத்தால் விடைத்தாள் இரத்து.

சபாரத்தினம் தெரிவு செய்த கேள்வி, நிலக்கீழ் ரயில் பாதைக்கு மேலே எழும்பும் ஒரு அலுவலகக் கட்டிடம். தூண்களை நினைத்த இடத்தில் இறக்க முடியாது. மேலிருந்து வரும் பாரத்தையெல்லாம் ஒரு பெரிய பீமில் ஏந்தி இரண்டு பக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்க வேண்டும். போன இரண்டு தடவையும் நேரத்தைத் தொலைத்தவர், இந்தமுறை ஓடுகிற பஸ்ஸைப் பிடித்தவர்போல விடாமல் கணக்கைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம் எல்லோரும் ஒரு கையால் சாண்ட்விச் தின்றபடி மற்றக் கையால் எழுதினார்கள். அவரும் அப்படித்தான். தற்செயலாகக் கண்ணை உயர்த்தியபோது எட்வேட்டின் சாப்பாட்டுப் பை கட்டு அவிழாமல் கிடந்தது தெரிந்தது. சாப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டு குனிந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்வேட் தன் வரைபலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிரில் அவன் நெற்றியில் வியர்வை வடிந்தது. பென்சில் விழுந்து உருண்டது. எடுக்கக் குனிந்தவன் மேசையோடு சாய்ந்தான். புத்தகங்கள் பெரும் சத்தத்தோடு சரிந்தன.

மேற்பார்வையாளரும் உதவியாளர் ஒருவரும் வந்தார்கள். குடித்திருக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டார்கள். எட்வேட் ஏதோ குழறினான். சபாரத்தினத்தின் பேனை, பீமின் நடுவில் விழும் பாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்றது.

எழும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு வசனம் போதும். ஆனால் எழும்பினால் கேள்வி கேட்பார்கள், சூட்கேசைக் கிண்டச் சொல்வார்கள், கணக்கு கைவிட்டுப் போகும். இந்த வரியை முடித்துவிட்டு எழும்பலாம் என்று நினைத்தார். அதற்குள் முன்வரிசைக்காரர் இரண்டு பேர் திரும்பி எட்வேட்டைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அந்தப் பார்வை அடுத்ததாகத் தன்மேல் விழும் என்று சபாரத்தினத்துக்குத் தோன்றியது. இரண்டும் ஒரே நிறம், ஒரே இடத்து ஆட்கள் என்று எண்ணுவார்கள். அவன் குடிக்கவில்லை என்று அந்த மண்டபத்தில் அறிந்திருந்த ஒரே ஆள், குடிகாரனோடு சேர்த்து எண்ணப்படுவோமோ என்று கூசித் தலையைக் குனிந்துகொண்டார்.

இருவரும் எட்வேட்டைக் கைத்தாங்கலாக நடத்தினார்கள். சபாரத்தினத்தின் மேசையைக் கடக்கும்போது அவன் நின்றான்.

"அண்ணை," என்றான். பிறகு இன்னொருதரம், "அண்ணை."

சபாரத்தினம் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கதவு மூடிய சத்தம் கேட்டது. வரி முடிந்தது. அடுத்த வரியைத் தொடங்கினார்.

பீம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் அவர் கை உயர்த்தினார். அதுவும் சலக்கடுப்பு தாங்கமுடியாமல். உதவியாளர் அவரைக் கழிவறைக்கு அழைத்துப்போனார். தாழ்வாரத்தில் கிடந்த நீளமான மர வாங்கில் எட்வேட்டை இருத்தியிருந்தார்கள். இப்போது அவன் வாங்கில் இல்லை. நிலத்தில், சுவரோடு முகம் ஒட்டக் கிடந்தான். சேர்ட் தோய்ந்துபோய் முதுகில் ஒட்டியிருந்தது.

"நித்திரை கொள்கிறார், விடுங்கள்," என்றார் உதவியாளர்.

சபாரத்தினம் குனிந்து அந்தக் கையைத் தொட்டார். ஈரமாய், கல்லுப்போலக் குளிர்ந்திருந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் பார்த்தவர்கள் பிறகு புகழ்ந்து சொன்னவைதான்: இது வெறியல்ல, சீனி இறங்கிவிட்டது, அம்புலன்ஸ் கூப்பிடுங்கள் என்று அவர் கத்தியது, உள்ளே ஓடிப்போய்க் குளுக்கோஸ் டின்னை எடுத்துவந்தது, அவன் பல்முரசில் விரலால் தேய்த்தது, அம்புலன்ஸ்காரர் வரும்வரை தலையை மடியில் வைத்திருந்தது. போன நேரத்தை ஈடுசெய்து தருவதாக மேற்பார்வையாளர் சொன்னார். சபாரத்தினம் திரும்பிப் போய் இருந்து எழுதினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு துப்புரவாக ஒரு படமும் கீறியதில்லை.

எட்வேட் பிழைத்துவிட்டான். இரண்டு கிழமை கழித்து மனைவி றோஸ்மலரோடும் கைக்குழந்தையோடும் வெம்பிளியில் இருந்த சபாரத்தினத்தின் வீட்டுக்கு வந்தான். கேக் ஒன்று கொண்டுவந்தார்கள்.

"அண்ணை, காலமை வாசலில கதைச்சது ஞாபகம் இருக்கு. கேள்வித்தாளைத் திறந்தது ஞாபகம் இருக்கு. பிறகு கண் முழிச்சது ஆஸ்பத்திரியில," என்றான் எட்வேட். "காலமை சொன்னதை மனசில வைச்சு, பரீட்சையையும் விட்டிட்டுத் தேடி வந்திருக்கிறியள். ஆர் செய்வினம்?"

"நாங்கள் எங்கட மாதா கோயில்ல உங்கட பேருக்குப் பூசை குடுத்தனாங்கள்," என்றாள் றோஸ்மலர். "நீங்கள் சைவம் எண்டு சாமியாரிட்டைச் சொன்னனான். அதுக்கென்ன பிள்ளை எண்டவர்."

சபாரத்தினத்தின் மனைவி தவநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சபாரத்தினம் குழந்தையின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. "அது பெரிய விஷயமில்லை" என்ற வார்த்தைதான் வெளியில் வந்தது. அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் தவநாயகி ஹரோத் தமிழ்ப் பள்ளிக்கூடம் முழுக்கக் கதையைச் சொல்லி முடித்துவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிவருகிற தகப்பன்மார் எழும்பி அவருக்குக் கதிரை கொடுத்தார்கள். அவர் அங்கே போவதை நிறுத்திக்கொண்டார்.

ஜூன் மாதம் எட்வேட் தொலைபேசி எடுத்தான். பரீட்சை மண்டபத்தில் வெறியில் குழப்பம் செய்தான் என்று பதிவாகியிருக்கிறதாம். மறுபடி எழுத விடுவதா என்று விசாரிக்கிறார்களாம்.

"ஆஸ்பத்திரிக் கடிதம் குடுத்திட்டன். ஆனால் காலமை என்னோட கதைச்ச ஆள் ஒருத்தர், நான் குடிக்கேல்லை எண்டு சொன்னால் நல்லதாம். உங்களை விட்டால் எனக்கு ஆர் அண்ணை?"

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு வழியும் இல்லை.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. தலைமை வகித்தது ஒரு நடுவயதுப் பெண். வெள்ளை மீசை மேற்பார்வையாளரும் வந்திருந்தார். அவர் இருந்தபடியே சொல்லாமல் எழும்பி நின்று, நோயை வெறி என்று எண்ணியது தன் தவறு, அதை நினைத்துப் பல நாள் தூக்கமில்லை என்று எட்வேட்டின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எட்வேட் எழும்பி அவர் கையைப் பிடித்தான். சபாரத்தினம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு லேசாக ஒரு மனிதனால் சொல்ல முடிகிறதே என்று நினைத்தார்.

பிறகு அவரை விசாரித்தார்கள். காலையில் எட்வேட் தெளிவாகக் கதைத்ததையும் நோயைப் பற்றிச் சொன்னதையும் அவர் சாட்சி சொன்னார். தலைவி திருப்தியோடு குறித்துக்கொண்டாள். முடியப்போகிற நேரத்தில் மேற்பார்வையாளர் சபாரத்தினத்தின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. அறிய விரும்புகிறவரின் குரல்தான்.

இவரை வெளியே கூட்டிப்போகும்போது உங்கள் மேசைக்கு முன்னால் நின்று ஒரு சொல்லை இரண்டுதரம் சொன்னார், என்றார். ஏதோ வசைச்சொல் என்று அன்று நினைத்துவிட்டேன். இப்போது அது என் மனதை விட்டுப் போவதில்லை. "அன்னை", அப்படி ஒரு சொல். அதற்கு என்ன பொருள்?

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "மூத்த சகோதரன்," என்றார் ஆங்கிலத்தில்.

"நீங்கள் சகோதரர்களா?" என்று தலைவி கேட்டாள்.

"இல்லை. எங்கள் வழக்கத்தில் அப்படிக் கூப்பிடுவோம்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள். அவர்களுக்கு விஷயம் அவ்வளவுதான். எட்வேட் மட்டும் மெல்லத் திரும்பினான். கணக்கொன்றில் எங்கோ பிழை இருப்பதைக் கண்டுபிடித்தவன்போல அவரைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான்.

பழி நீங்கியது; அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். படியிறங்கும்போது எட்வேட் ஒன்றும் கேட்கவில்லை. "வந்ததுக்கு நன்றி. எனக்கு மற்றப் பக்கத்தால ரயில்," என்று சொல்லிவிட்டு நடந்தான். இரண்டு பேரும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருந்தது. சபாரத்தினம் அவன் போய் முடியும்வரை தெருமுனைப் பேப்பர் கடையில் நின்றார்.

ஆவணியில் முடிவு வந்தது. சபாரத்தினம் சித்தி; ஒருவழியாகத் தேறிவிட்டார். தவநாயகி பால்சோறு காய்ச்சினாள். கம்பனியில் கைகொடுத்தார்கள், சம்பளம் கூடியது, மேசை சன்னலோரம் மாறியது. திருத்துவதற்கென்று முதல் படம் வந்தபோது, அவர் அதைத் தொடாமல் மத்தியானம்வரை வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவநாயகிக்குச் சொல்லாமல் மனோர் பார்க்குக்கு ரயில் எடுத்தார். றோஸ்மலர்தான் கதவைத் திறந்தாள். பூசைக்குப் போய்வந்த சேலையோடு நின்றாள். ஒரு கணம் யோசித்துவிட்டு வழிவிட்டாள். எட்வேட் முன்னறையில் குழந்தையை மடியில் வைத்திருந்தான்.

"இருங்கோ," என்றான்.

சபாரத்தினம் கதிரை நுனியில் இருந்தார். ரயிலில் வரும்போது அடுக்கிவைத்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"எட்வேட், நீர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது."

"தெரியும்."

"இரண்டுதரமும் கேட்டது."

எட்வேட் குழந்தையின் தலையைத் தடவினான். "எனக்கு முதல் சரியான கோபம். பிறகு யோசிச்சன். ஏழு மணித்தியாலம். மூண்டாந்தரம். நானெண்டாலும் என்ன செய்திருப்பனோ. கடைசியில என்னைத் தேடி வந்தனீங்கள்தானே. அது காணும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தான். அதனூடாகப் பாதி மானத்தோடு வெளியே போயிருக்கலாம். சபாரத்தினம் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"தேடி வரேல்லை. சலம் போக வந்தனான். வழியில நீர் கிடந்தீர்."

எட்வேட் அவரை விழித்துப் பார்த்தான். பிறகு அவனை அறியாமலே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர்வரச் சிரித்தான். மடியில் இருந்த குழந்தையும் தகப்பனைப் பார்த்துச் சிரித்தது. சபாரத்தினத்துக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

றோஸ்மலர் சிரிக்கவில்லை. குசினிக்குள் போனாள். கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பையைக் கொண்டுவந்து சபாரத்தினத்தின் முன்னால் வைத்தாள்.

"அவர் மன்னிச்சிட்டார். அவற்றை குணம் அது," என்றாள். "எனக்கு இன்னும் ஏலாமல் கிடக்கு. பாத்துக்கொண்டு இருந்தனீங்கள் எண்டதை நினைக்க நினைக்க நெஞ்சு எரியுது. குடுத்த பூசையைத் திருப்பி வாங்கவும் ஏலாது. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

அவள் போகவில்லை. எதிர்க்கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சபாரத்தினம் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். சூடு நாக்கைச் சுட்டது. வைக்காமல் குடித்தார்.