புருவத்துத் தழும்பு

டிப்போ வாசலில் வைக்கப்போகும் சிலைக்குக் களிமண் முகம் தயாராகிவிட்டது. மறுநாள் அச்சு எடுத்துவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

பிரேக் பிடிக்காத பஸ்ஸைக் கூட்டத்தின் மேல் விடாமல் சுவரில் மோதி இறந்துபோன டிரைவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை. அதனால், அவரோடு ஒன்பது வருஷம் அதே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டரம்மாவை, முகம் சரியா என்று பார்த்துச் சொல்ல அனுப்பியிருந்தார்கள்.

சிற்பி ஈரத்துணியை விலக்கினார். மூக்கு சரி, காது சரி. ஆனாலும் அவளுக்கு யாரோ அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி இருந்தது.

“வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. ஒன்பது வருஷமும் இப்படித்தானா? அவர்கிட்ட பேசவே மாட்டீங்களா?”

“ஒரு விசில் அடிச்சா நிப்பாட்டுவாரு. ரெண்டு அடிச்சா எடுப்பாரு.”

“குடுத்துவெச்சவங்க. எங்க வீட்டுல நான் பத்து விசில் அடிச்சாலும் வண்டி நிக்காது.”

அவள் சிரிக்கவில்லை. “புருவத்துத் தழும்பு பக்கம் மாறியிருக்கு. இடது பக்கம் வரணும்.”

“போட்டோல வலதுலதானே இருக்கு?”

“போட்டோ தப்பு. எனக்குத் தெரியாதா?”

தன் குரல் இவ்வளவு உயர்ந்து அவளே கேட்டதில்லை. சிற்பி தழும்பை வழித்துவிட்டு இடது புருவத்தில் கீறினார். கீறியவர், சந்தேகம் தீராமல் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

“சட்டையில பேட்ஜ் நம்பர் நேராத்தாம்மா இருக்கு. போட்டோ இடவலமாத் திரும்பலையே.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டிப்போவில் எதிரெதிரே நிற்கும்போது அவள் பார்வை அவர் செருப்பைத் தாண்டி ஏறியதேயில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே நிமிரும்போது டிரைவர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் தெரிந்ததுதான் அவளுக்கு அவர் முகம்.

“பழையபடியே வெச்சிடுங்க. நான் கண்ணாடியிலதான் பாத்திருக்கேன்.”

சொல்லி முடிப்பதற்குள் காது சூடாகிவிட்டது. சிற்பி கேலி செய்யவில்லை. தழும்பை வலது புருவத்துக்கே கொண்டுவந்தார். பிறகு மூலையில் சாய்ந்திருந்த கண்ணாடியைத் தூக்கி வந்து சிலைக்கு எதிரே பிடித்தார்.

“கோணல் பாக்க நாங்க இப்படித்தான் பிடிப்போம். பாருங்க.”

அவள் சிலைக்குப் பின்னால் போய் நாலடி தள்ளி நின்றாள்.

“கிட்ட வாங்கம்மா.”

“இங்கேருந்துதான் தெரியும்.”

தெரிந்தது. எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்கிற அதே முகம்.

“சரியா இருக்கா? காலையில அச்சு எடுத்துடலாமா?”

“அவருதான்.”

டிப்போ வாசலில் யாரும் கண்ணாடி வைக்கப்போவதில்லை.

“ஒரு நாள் தள்ளிப்போட முடியாதா?” என்று கேட்டாள்.

“காஞ்சா வெடிச்சிடும்மா. துணி ஈரம் போகாம பாத்துக்கிட்டா நாளைக்கு ஒரு நாள் தாங்கும்.”

“தண்ணி பக்கெட் எங்கே இருக்கு?”