ஊதியது யார்

நவம்பர் மாதச் சனிக்கிழமை, மாலை நாலரை மணி. ஹார்லோ கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில் நடுவர்கள் எட்டுப் பேரும் அடைபட்டுக் கிடந்தோம். கதவுக்கு வெளியே கூட்டம் எங்கள் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தது. வழி கிடைக்கும்வரை அசையக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது.

விஷயம் இதுதான். ஆட்டம் முடிய நாற்பது விநாடி. ஹார்லோ மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரி டென்னன்ட் கல்லூரிப் பையன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆள் குவியலுக்குள் பாய்ந்தான். பந்து நழுவியது. ஹார்லோ பையன் ஒருவன் அதை அள்ளிக்கொண்டு எழுபது கஜம் ஓடி எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினான், ஆறு புள்ளி. ஆனால் அவன் அள்ளுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு விசில் கேட்டிருந்தது. தப்பாக ஊதினாலும் விசில் விசில்தான், ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். ஓடியது செல்லாது. பந்து டென்னன்டுக்கே. ஹார்லோ தோற்றது.

தலைமை நடுவர் வர்ஜில் ஸ்ட்ராட் அங்கேயே எங்களைக் கூட்டி, "யாருப்பா ஊதினது?" என்று கேட்டார். குவியலுக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றிருந்தோம். மூவரும் இல்லை என்றோம். ஓடியது செல்லாது என்று அவர்தான் மைக்கில் அறிவித்தார். ஊதியதும் அவர்தான் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது.

ஊதியது நான். விவரம் தெரிந்தவர்கள் விசிலைக் கையில் வைத்திருப்பார்கள், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் யோசிக்க அவகாசம் கிடைக்கும். நான் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிற ஆள். பந்து வைத்திருந்த பையன் விழுந்துவிட்டான், ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன், மூச்சு தானாக விசிலுக்குள் போய்விட்டது. பிழைப்புக்கு நான் பல் டாக்டர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஹார்லோவின் பச்சைச் சட்டையோடுதான் வந்து வாயைத் திறப்பார்கள். பயந்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

வர்ஜில் மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியில் நடுவர் சங்கத்துக்கு அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷ நடுவர். ஜனவரியில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு நடுவராக இந்த முறைதான் அவர் பெயர் அடிபட்டது. அடுத்த வருஷம் ஓய்வு.

எங்களில் ஒருவனான ஓரின் போனைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு வாசல்ல குப்பையக் கொட்டிட்டாங்களாம். என் பொண்டாட்டியும் ஹார்லோ கட்சிதான், அவளே கொட்டியிருந்தாலும் கொட்டியிருப்பா" என்றான்.

அரை மணி நேரம் தாங்கினேன். பிறகு வர்ஜிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சீஃப், நான்தான் ஊதினேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மூணு வருஷமா உன் விசில் சத்தத்தக் கேக்கறேன். எனக்குத் தெரியாதாடா?"

"அப்ப என் பேர எழுதுங்க."

"அனுப்பியாச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. நான் ஊதினேன்னு போட்டுட்டேன்."

"ஏன் சீஃப்?"

"யார் பேராவது போட்டாகணும். நீயா ஒத்துக்காம உன்னக் காட்டிக்குடுக்க எனக்கு மனசு வரல."

"இப்பவே சங்கத்துக்குப் போன் பண்ணி உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லேன். தப்பா ஊதினேன்னு இருந்தா எனக்கு ஜனவரி ஆட்டம் மட்டும்தான் போகும். பொய் அறிக்கை குடுத்தவனுக்கு முப்பது வருஷமும் போயிரும். எது போகணும்னு நீயே முடிவு பண்ணு." அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

போலீஸ்காரர் கதவைத் திறந்து, கிளம்பலாம் என்றார். வர்ஜில் முதலில் போனார், அடுத்து நான். குளிர்பானப் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவர் தோளில் பட்டது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

"உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல சார். அந்தக் கிழம் ஊதினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்த வர்ஜிலுக்கு அது கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன்.