ஸ்டேடியத்தில் அல்ஜீப்ரா

அக்டோபர் மழையில் ஒன்பதாம் அறையின் கூரை ஊறிப்போய், அதிலிருந்து ஒரு பலகை கணக்கு டீச்சர் வெர்னா டீக்கின் மேசைமேல் சொத்தென்று விழுந்தது. நல்லவேளை, அவள் கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பள்ளிகளின் கண்காணிப்பாளர் கார்லண்ட் ஸ்டோக்ஸ் வந்து அண்ணாந்து பார்த்தார். ஓட்டை வழியே மேற்கு டெக்சாஸ் வானம் பளிச்சென்று தெரிந்தது.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் வெர்னா. இப்ப கையில காசு இல்ல."

"போன மாசம்தானே ஸ்டேடியத்துல வீடு சைஸுக்கு ஒரு டிவி மாட்டுனீங்க?"

"அது ஸ்டேடியத்துக்குன்னே ஊர் ஓட்டுப் போட்டு வாங்குன கடன். அதுல ஒரு ஆணி வாங்கி இங்க அடிச்சாக்கூட என்னைக் கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க. நீயும்தான் ஓட்டுப் போட்ட."

உண்மைதான். ஃபுட்பால் கோச் ராய்ஸ் டீக்கைக் கட்டிக்கொண்டவள் வேறு எப்படி ஓட்டுப் போடுவாள்?

வகுப்பைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றினார்கள். வெர்னா இங்கே 'எக்ஸ்' என்றால் அங்கே ஒரு அண்டா 'டங்' என்றது. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது கரகரத்த குரலில் புருஷனைக் கேட்டாள்.

"ஸ்டேடியம் சாவியக் குடு."

"எதுக்கு?"

"பாடம் நடத்த."

ராய்ஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். "என் புல்லு?"

"உன் புல்லை யாரு மிதிக்கப் போறா? உக்காந்து கணக்குதான் போடப் போறோம்."

"சரி. ஆனா அந்தப் பெரிய டிவித் திரைய டப் மட்டும்தான் தொடணும்."

டப் ஹார்கிஸ் இன்சூரன்ஸ் விற்பவர். ஊரின் எல்லா ஆட்டங்களுக்கும் வர்ணனை சொல்வதும் அவர்தான். மைக்கைக் கண்டால் அவருக்கு வாய் நிற்காது. வெர்னா முதலிலேயே சொல்லிவைத்தாள்: "டப், படத்தை மட்டும் காட்டுங்க. பேச வேண்டாம்."

"எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா, நான் ஏன் பேசப் போறேன்."

மறுநாள் காலை, ஐயாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் ஒரே ஒரு வகுப்பு உட்கார்ந்தது. வெர்னா டேப்லெட்டில் எழுத எழுத, எதிரே பெரிய திரையில் ஒவ்வொரு எண்ணும் டிராக்டர் உயரத்துக்கு எழுந்தது. நாலு எக்ஸிலிருந்து ஐந்தைக் கழித்தால் பத்தொன்பது. எக்ஸ் என்ன?

டப்பால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"எக்ஸ் தனியா நிக்கப் பாக்குது மக்களே. இந்த அஞ்சு விடமாட்டேங்குது. காலைப் புடிச்சுத் தொங்குது. யாராவது வந்து பிரிச்சு விடுங்கப்பா."

"ரெண்டு பக்கமும் அஞ்சைக் கூட்டணும் மிஸ்" என்று மாரிசோல் என்ற பெண் கத்தினாள். வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவள்.

"மாரிசோல் உள்ள பூந்துட்டா. அஞ்சு காலி. அந்தப் பக்கம் இருபத்திநாலு. நாலால வகுக்கறா... ஆறு! ஆறு பாயின்ட்!"

ஆறு பாயின்ட் என்றால் டச்டவுன், அமெரிக்க ஃபுட்பாலில் கோல் போட்ட மாதிரி. பழக்கதோஷத்தில் டப் பொத்தானை அமுக்கிவிட்டார். சங்கு ஊதியது, திரையில் வாணவேடிக்கை வெடித்தது, பள்ளிப் பாட்டு முழங்கியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்த வெர்னாவும் எப்போது குதிக்க ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சங்குச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. காலையில் என்ன ஆட்டம் என்று தீவனக் கடையிலிருந்தும் காபிக் கடையிலிருந்தும் ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார்கள். பருத்தி விவசாயி வெண்டல் அடுத்த கணக்கைப் பார்த்துவிட்டு, "எட்டு" என்று கத்தினார்.

"ஒன்பதுங்க. மைனஸைப் பிளஸ்ஸா எடுத்துட்டீங்க" என்றாள் மாரிசோல்.

வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மறுநாள் பென்சிலோடு வந்தார், கூடவே மச்சானையும் கூட்டிக்கொண்டு.

அடுத்த வியாழக்கிழமைக்குள் பாதி ஸ்டேடியம் நிறைந்துவிட்டது. பேண்டு வாத்தியப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாப்கார்ன் விற்றார்கள். அன்றைக்குத்தான் ஸ்டோக்ஸ் முகம் சிவக்க மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். "கார்லண்ட், புல்லு" என்று ராய்ஸ் அலறியது அவர் காதில் விழவில்லை.

"இப்ப உள்ள வர்றது நம்ம கண்காணிப்பாளர்" என்றது ஒலிபெருக்கி. "ஒரு காலத்துல கணக்கு வாத்தியாரா இருந்தவரு. டீச்சரம்மா, ஐயாவுக்கு ஒண்ணு போடுங்க."

வெர்னா பின்னம் வைத்து ஒரு முரட்டுக் கணக்கைப் போட்டாள். கூட்டம் காலால் தரையைத் தட்டியது. ஸ்டோக்ஸ் நடு மைதானத்தில் நின்றார். கழுத்துப்பட்டை காற்றில் தோளுக்குப் பின்னால் பறந்தது. உதடு முணுமுணுத்தது, விரல் காற்றில் எழுதியது.

"ஏழு" என்றார்.

சங்கு ஊதியது. ஸ்டோக்ஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எதற்காக வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் வெர்னா மைக்கை வாங்கினாள். "கார்லண்ட், நாளைக்கு மழை வந்தா நாங்க எங்க போறது?"

கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. ஒன்பதாம் அறைக்குக் கூரை இல்லை என்பதே பலருக்குத் தெரியாது. இது ஏதோ புது மாதிரி பாடமுறை என்று நினைத்திருந்தார்கள்.

"கூரை இல்லையா?" என்றார் வெண்டல். "அப்புறம் என்னய்யா பண்றீங்க எங்க வரிய வாங்கி?"

பள்ளிக் குழுக் கூட்டத்துக்கு வழக்கமாக வருவது இரண்டு மூன்று பேர். அந்தத் திங்கட்கிழமை நாற்காலி போதாமல் ஜன்னலில் எல்லாம் உட்கார்ந்தார்கள். அவசர நிதி என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் குழுவுக்கு நினைவுக்கு வந்தது. ஒருவரும் மறுக்காமல் கூரைத் தீர்மானம் நிறைவேறியது. உடனே வெண்டல் எழுந்தார்.

"கூரை போட்டுட்டா வகுப்பு உள்ள போயிடுமே. எங்களுக்குப் பின்னம் இன்னும் முடியல."

சிரித்துச் சிரித்து வெர்னாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. விக்கலுக்கு நடுவே, வியாழக்கிழமைகளில் மட்டும் ஸ்டேடியத்தில் நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

நவம்பரில் கூரை வேலைக்கு ஆட்கள் ஏறினார்கள். ஒன்பதாம் அறையின் உச்சியிலிருந்து பார்த்தால் ஸ்டேடியத்துத் திரை நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை வந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விடையைக் கத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் வேலை முடியக் கூடுதலாக ஒரு வாரம் ஆனது. யாரும் அவர்களை ஏன் என்று கேட்கவில்லை.