அழைப்பிதழில் ஏறிய கொக்கு

வங்காளத்தின் காட்வா ஊரில் பவதோஷ் மல்லிக்கைத் தெரியாத குழந்தை இல்லை. ஹோமியோபதி டாக்டர். இருமலோ இல்லையோ, உள்ளங்கையில் நாலு இனிப்பு உருண்டை விழும் என்று பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். உருண்டையோடு ஒரு பாட்டும் இலவசம். கல்கத்தாவிலிருந்து வரும் குழந்தைகள் மாத இதழில் இருபது வருஷமாக அவர் விலங்குக் கதைகளைப் பாட்டாக எழுதி வந்தார். அவர் பாட்டில் நரி வக்கீலாக வரும், தவளை சங்கீத சபை நடத்தும், எருமை எடை குறைக்க நோன்பு இருக்கும். கேட்டால், "எல்லாம் கற்பனைதான்" என்பார். ஊர் நம்பாது. நம்பாமல் இருப்பதற்கு ஊரிடம் போதுமான காரணம் இருந்தது.

கார்த்திகை இதழில் வந்த கொக்குப் பாட்டுதான் வினையாகப் போயிற்று.

*கொக்குக் கனவான் வந்தாராம்,*
*குடையை ஊன்றி நின்றாராம்;*
*செக்கச் சிவந்த செவுளெல்லாம்*
*தூக்கித் தூக்கிப் பார்த்தாராம்!*

*அமுக்கி அமுக்கிப் பார்த்தாராம்,*
*"அடச்சே, பழசு!" என்றாராம்;*
*சமைக்க மீனே இல்லாமல்*
*சாம்பல் பூசணி சுமந்தாராம்!*

கொக்குக்கு எதற்குக் குடை என்று ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் மழையோ வெயிலோ, பனிக்காலமோ, கையில் குடையில்லாமல் வெளியே வராத மனிதர் காட்வாவில் ஒருவர்தான். புடவைக்கடை நிராபத பாபு. பவதோஷின் ஒரே தங்கை கஜரியின் கணவர். ஜவுளிக்காரர் விரல் அல்லவா, எதைப் பார்த்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்துவிடும். சந்தையில் ஒரு கூடை விடாமல் ரோகு, கட்லா மீன்களை அமுக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் கத்தரிக்காயோடு வீடு திரும்புவார்.

இதழ் வந்த மறுநாள் மீன்காரி ஒருத்தி தூரத்தில் குடையைப் பார்த்ததுமே குரல் கொடுத்தாள்: "ஏய், கொக்கு பாபு வராருடி! மீனையெல்லாம் மூடுங்க!"

சந்தை முழுக்கச் சிரிப்பு. நிராபத பாபு அன்றைக்குக் கத்தரிக்காய்கூட வாங்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய், "இனிமே உங்க அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, அந்தப் பத்திரிகையும் உள்ள வரக் கூடாது" என்று கஜரியிடம் சொல்லிவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் பவதோஷ் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் கஜரிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு, டுலிக்கு, அப்போது நாலாம் மாதம். மாசி பிறந்தால் ஏழாவது மாதம். முதல் சோறு ஊட்டும் நாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, மாமன் கையால்தான் பெண்ணின் வாயில் முதல் பாயசம் போக வேண்டும்.

பவதோஷுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிற பிள்ளைகள் எல்லாம் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிடுகிறவர்கள்; மடியில் உட்காருகிறவர்கள் யாருமில்லை. இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதியதற்குக் கூலியாக அந்த ஒரு கரண்டிப் பாயசத்தைத்தான் அவர் மனது கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காக வெள்ளிக் கிண்ணமும் கரண்டியும் வாங்கி, மருந்து அலமாரியில், ஆர்னிகா புட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் சேதி வந்தது. பர்த்தமானிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட மாமன் வருகிறாராம். அவர்தான் ஊட்டப் போகிறாராம்.

பவதோஷ் ரோஷத்தையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புடவைக்கடைக்குப் போனார்.

"வாங்க கவிஞரே," என்றார் நிராபத பாபு, கணக்குப்பிள்ளைக்குக் கேட்கும்படி. "என்ன, அடுத்த பாட்டுக்கு ஆள் தேடி வந்தீங்களா?"

"மாப்பிள்ளை, அது வெறும் கொக்கு. பறவை. உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"குடை?"

"அது... வெயிலுக்கு."

"சம்பந்தம் இல்லேன்னு உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதுமா மச்சான்? சந்தைக்கு யாரு சொல்றது? பள்ளிக்கூடம் விட்டா வாண்டுங்க கடை வாசல்ல நின்னு கோரஸா பாடுதுங்க. நேத்து ஒரு கல்யாண வீட்டு அம்மா, பனாரஸை எடுத்துப் போட்டா, 'நீங்க அமுக்கிப் பாத்தாச்சா, பழசு இல்லையே?'ங்கறா."

பவதோஷ் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். நல்ல டாக்டர், அதுவும் கைவந்த கலைதான்.

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

நிராபத பாபு இதற்கு விடை யோசித்து வைத்திருந்தார். "அழைப்பிதழுக்குப் பாட்டு வேணும். குழந்தையே கூப்பிடற மாதிரி எல்லாரும் போடறாங்களே, அது. அதுல கொக்கு வரணும். ஆனா நல்ல கொக்கு. தாராளமான கொக்கு. வள்ளல். ஊர் பூரா கொக்கைப் பத்திக் கெட்டதா படிச்சிருக்கு இல்ல, இப்ப நல்லதா படிக்கட்டும். எழுதிக் குடுங்க, நீங்களே ஊட்டுங்க. அப்புறம் ஒண்ணு. அந்தப் பழைய பாட்டை இனிமே எங்கேயும் வாயால சொல்றதில்லேன்னு சத்தியம் பண்ணணும்."

மீன்காரிகள் வாயோடு கிடந்த ஒரு வதந்தியைத் தானே பணம் கொடுத்து மஞ்சள் அட்டையில் அச்சடித்து, சந்தனம் தொட்டு வீடு வீடாகக் கொடுக்கப் போகிறார் இந்த மனிதர். பவதோஷுக்கு அது அந்த நொடியே புரிந்தது. சொல்லியிருக்கலாம். வெள்ளிக் கரண்டி நினைவுக்கு வந்தது; வாயை மூடிக்கொண்டு சத்தியம் செய்தார்.

எழுத உட்கார்ந்தால் அல்லவா தெரிகிறது வேதனை! வள்ளல் கொக்கு நாலு வரி நல்லபடியாக நடந்து வரும். ஐந்தாவது வரியில் எங்கேயாவது ஒரு மீனைக் கண்டு விரலை நீட்டிவிடும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். இந்த முறை கொக்கு ஏழைகளுக்கு மீன் கொடுக்கும். கொடுப்பதற்கு முன்னால் அமுக்கிப் பார்க்கும். ஒரு வாரம் இப்படியே போயிற்று. நோயாளிகளுக்கு உருண்டை எண்ணிப் போடுவதில் தப்பு வந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதி முடித்தார்:

*ஏழாம் மாதம் எனக்காச்சு,*
*இலையில் சோறு வரலாச்சு;*
*வாழும் கொக்கு என் அப்பா,*
*வள்ளல் அவர்க்கு நிகராரு?*

*தேடித் தேடி மீனெல்லாம்*
*தேர்ந்து வாங்கும் பெருங்கொக்கு;*
*கூடி வாரீர், சாப்பிடுவீர்,*
*குறையே இல்லை விருந்துக்கு!*

மூன்று நாள் பழைய மீன் போல இருந்தது. பவதோஷே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பிரதி எடுத்தார். நிராபத பாபுவுக்கோ கண் கலங்கிவிட்டது. "இதுதான் மச்சான் கவிதை! இதுதான்!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

இருநூறு அழைப்பிதழ் போயிற்று. அதுவரை ஊரில் பாதிப் பேருக்குத்தான் கொக்கு யாரென்று தெரியும். இப்போது மீதிப் பாதிக்கும் தெரிந்தது, அதுவும் நிராபத பாபுவின் கையெழுத்தோடு. கஜரி அண்ணனைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வேணும்னேதானே பண்ணினே?"

"கேட்டதைக் குடுத்தேன்மா."

"உன்னை எனக்குத் தெரியாதா? அந்த மனுஷன் பாவம், பத்திரிகை குடுக்கிற இடமெல்லாம் எல்லாரும் சிரிச்ச முகமா இருக்காங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டுத் திரியறார்."

பவதோஷுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மாசி வந்தது. முற்றம் முழுக்க அரிசிமாவுக் கோலம். டுலிக்குச் சிவப்புப் பட்டு சுற்றி, நெற்றியில் சந்தனப் பொட்டுகள் வைத்து, தலையில் வெள்ளை நெட்டித் தண்டில் செய்த கிரீடம் கட்டியிருந்தார்கள். குட்டிக் கல்யாணப் பெண். மாமன் மடியில் அவளை வைத்தபோது பவதோஷ் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு கனமாக இருப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. எதிரே வெண்கலத் தட்டில் சோறு, ஐந்து வகை வறுவல், வறுத்த பெரிய ரோகுத் தலை. வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம். நிராபத பாபு அந்த மீனுக்காகச் சந்தையில் இரண்டு மணி நேரம் நின்றாராம்.

"பத்து நாற்பதுக்குள்ள ஊட்டிடணும்," என்றார் புரோகிதர் பட்டாச்சார்யா. "அதுக்கப்புறம் நேரம் சரியில்லை. பொண் குழந்தை, எட்டுல கூடாது. விட்டா ஒன்பதாம் மாசம்தான்."

சங்கு முழங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். பவதோஷ் கரண்டியைக் கொண்டுபோனார்.

டுலி வாயை மூடிக்கொண்டாள்.

கிலுகிலுப்பை ஆட்டினார்கள். கஜரி தன் வாயைத் திறந்து காட்டினாள். முற்றத்தில் இருந்த எல்லாரும் 'ஆ' என்று வாயைத் திறந்தார்கள். திறக்க வேண்டிய வாய் மட்டும் திறக்கவில்லை. பவதோஷ் வேறு வழியில்லாமல் அழைப்பிதழ்ப் பாட்டை ராகம் போட்டுச் சொன்னார். 'வள்ளல் அவர்க்கு நிகராரு' என்ற இடத்தில் குழந்தை உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. கவிதை தெரிந்த குழந்தை. அழுதாலும் பல்லில்லாத ஈறைக் கடித்துக்கொண்டு, மூக்கால்தான் அழுதது.

மணி பத்து முப்பத்தைந்து.

"கை ராசின்னு ஒண்ணு இருக்கு பாருங்க," என்று பின்னாலிருந்து யாரோ மெல்லச் சொன்னார்கள். பர்த்தமான் மாமன் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். நிராபத பாபு கடிகாரத்தைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "நேரம் போகுது மச்சான். அவர் ஒரு தடவை பார்க்கட்டுமே..."

பவதோஷ் டுலியின் மூடிய வாயைப் பார்த்தார். பழைய பாட்டைச் சொன்னால் ஒருவேளை சிரிப்பாள். ஆனால் சத்தியம் செய்திருக்கிறார். குழந்தையை எடுத்துக் கொடுக்கக் கையைத் தளர்த்தினார். கொடுக்க மனசே வரவில்லை.

அப்போது கஜரி கணவர் பக்கம் திரும்பி, முற்றம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்: "ஏங்க, நின்னு பார்த்துக்கிட்டே இருக்கீங்களே! தினம் காலையில வெயில்ல எண்ணெய் தேய்க்கிறப்போ சொல்லுவீங்களே, அதைச் சொன்னா என்ன?"

"எதை?" என்றார் நிராபத பாபு. காது இரண்டும் சிவந்துவிட்டது.

"எதையா? அது இல்லாம இவ என்னிக்கு எண்ணெய் தேய்க்க விட்டிருக்கா?"

மணி பத்து முப்பத்தேழு. நிராபத பாபு குடையைத் தேடினார். அன்றைக்குக் குடை கையில் இல்லை. கோலத்தின் ஓரத்தில் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். முதலில் உதடு மட்டும் அசைந்தது. "கொக்குக் கனவான்... வந்தாராம்..."

அழுகை நின்றது.

"குடையை ஊன்றி நின்றாராம்" என்றபோது அவர் கழுத்து நீண்டது, ஒரு கை இல்லாத குடையை ஊன்றியது. "அமுக்கி அமுக்கி" என்று தட்டிலிருந்த ரோகுத் தலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் நசுக்கினார். டுலி 'ஹே' என்று சிரித்தாள். வாய் நன்றாகத் திறந்தது. கரண்டி போகவில்லை, ஏனென்றால் பவதோஷ் தானும் வாயைத் திறந்துகொண்டு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் பாபு, கரண்டி, கரண்டி!" என்று கத்தினார் புரோகிதர். அதற்குள் வாய் மூடிவிட்டது.

பூசணியும் வந்து போயிற்று. பாட்டு அதோடு முடிகிறது, எழுதியவருக்குத் தெரியாதா? இனி அவ்வளவுதான் என்று பவதோஷ் கண்ணை மூடினார். ஆனால் நிராபத பாபு நிறுத்தவில்லை. குரல் மட்டும் இறங்கியது. ஊரை மறந்து, மகளைப் பார்த்துச் சொன்னார்:

*முள்ளே இல்லா மீனொன்று*
*முழுநாள் தேடி அலைந்தாராம்;*
*பிள்ளைத் தொண்டை பிஞ்சென்று*
*பூசணி வாங்கி வந்தாராம்!*

டுலி இரண்டு கையையும் அப்பாவிடம் நீட்டி, ஈறு முழுக்கத் தெரிய வாயைத் திறந்தாள். வெள்ளிக் கரண்டி உள்ளே போயிற்று. பாயசம் பாதி உள்ளே, பாதி மாமன் மடியில். சங்கும் குலவையும் ஒன்றாக எழுந்தன. மணி பத்து முப்பத்தொன்பது.

இருபது வருஷமாக இந்த ஆள் சந்தையில் மீனை அமுக்கிக்கொண்டிருக்கிறார், குழந்தைக்கோ ஏழே மாதம், கணக்கு இடிக்கிறது. அது பவதோஷுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நெஞ்சு கனத்தது. கொக்கை அவர் சந்தை வரைக்கும்தான் பார்த்திருந்தார். பூசணியைச் சுமந்துகொண்டு அது எந்த வீட்டுக்குப் போகும், யார் காத்திருப்பார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்படி நாலு வரி அவர் இன்னும் எழுதவில்லை, எழுதியிருக்கவும் முடியாது.

"மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "கடைசி நாலு வரி..."

நிராபத பாபு நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் கன்னத்தில் வழிந்த பாயசத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பாட்டு பாதியில நின்னுது மச்சான். தினம் இவ முகத்தைப் பார்த்துச் சொல்றப்போ அப்படியே விட மனசு வரலை," என்றார். "இன்னொரு வாய் குடுங்க. திறந்துதான் வச்சிருக்கா."