பதினான்கு காட்டிய மீட்டர்

ஒயரில் கால் தடுக்கியதில் சார்ஜரின் பிளக் கழன்று விழுந்தது. எடுக்கக் குனிந்த சின்னவள் மீட்டரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பதினான்கு வோல்ட்டைத் தாண்டிக் காட்டிய எண் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டுக்கும் கீழே போனது. பேட்டரி ஏறக்குறைய காலி.



காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வண்டி அது. உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. அண்ணன் இப்படிச் சில வண்டிகளை வாடகைக்கு விடுகிறான். போன வாரம் ஒரு வண்டி கிளம்பும்போது, "ஃபுல்லா?" என்று கேட்டான். சார்ஜர் ஓடும்போதே மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஃபுல்" என்றாள். மீட்டர் காட்டியது பேட்டரியில் இருந்ததை அல்ல, சார்ஜர் தள்ளிக்கொண்டிருந்ததை. அன்று சாயங்காலமே விளக்கு அணைந்து, கைக்குழந்தையோடு போன குடும்பம் திரும்பி வந்தது.

"துடைக்கப் போனவ ஃபிரிட்ஜை ஆஃப் பண்ண மாட்டியா? அதான் பேட்டரி காலி. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவர்கள் முன்னாலேயே அண்ணியைத் திட்டினான் அண்ணன்.

"ஆஃப் பண்ணேனே" என்றாள் அண்ணி, ஒரே ஒரு தடவை. சின்னவள் வாய் திறக்கவில்லை. அதுவரை அண்ணியிடம் இருந்த வண்டிச் சாவிகள் அன்றிலிருந்து அண்ணன் பையில்.

இப்போது வண்டியைத் துடைத்துவிட்டு இறங்கிய அண்ணி, மறுபடி ஏறி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, திரும்பவும்?"

"எனக்கே என்மேல நம்பிக்கை இல்லடி. அன்னைக்கும் ஆஃப் பண்ணிட்டதா நெனச்சுத்தானே இறங்கினேன்? இந்த வயசுலயே மூளை தேஞ்சுபோச்சு போல."

அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அண்ணா, இங்க வா."

"அட, மேடம் வாயத் திறந்துட்டாங்களே! இன்னைக்கு மழைதான்."

அவள் பிளக்கைச் செருகிக் காட்டினாள். பதினான்கு. பிடுங்கி விளக்கைப் போட்டாள். எண் இறங்க இறங்க அண்ணன் முகத்தில் சிரிப்பும் இறங்கியது.

"அப்போ அன்னைக்கு?"

"பிடுங்காமதான் பார்த்தேன். அண்ணிமேல தப்பில்ல."

அண்ணன் சாவிக்கொத்தை அண்ணியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அன்னைக்குத் திரும்பி வந்தவங்க முன்னாடிதானே திட்டினீங்க? அவங்களுக்கும் சொல்லுங்க."

"நான் சொல்றேன்" என்றாள் சின்னவள். போன் அடித்தாலே அடுத்த அறைக்கு ஓடுபவள் அவள். அந்தக் குடும்பத்தின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குள் அண்ணி ஃபிரிட்ஜ் கதவை இன்னொரு தடவை திறந்து மூடும் சத்தம் கேட்டது.