அறுபத்து மூன்றாம் எண் இடம்

க்ளிஃபர்ட் ஹாஸ்லம் இறந்து ஆறு வருடம் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கார் பார்க்கிங்கை விட்டு வெளியே போனார். ஹெப்பில்ஷா ஊரில் இதை யாரும் மறுப்பதில்லை. உள்ளே நுழைந்தது 2013 நவம்பர் பதினாலு, வியாழக்கிழமை, மதியம் ஒன்று இருபது. வெளியே போனது 2019 நவம்பர் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. இரண்டு நேரத்தையும் பார்க்கிங்கை நடத்தும் கம்பெனியின் கேமரா குறித்து வைத்திருக்கிறது. நடுவில் அவர் இறந்துபோனதைக் குறித்து வைக்க அந்தக் கேமராவுக்கு வழியில்லை, அது கார் நம்பரை மட்டும்தான் பார்க்கும்.

அன்று கண் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பெரிலுக்கு ஒரு சின்னப் பரிசோதனை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் கார் அவள் பெயரில்தான் இருந்தது, அவள் அம்மா விட்டுப்போன பணத்தில் வாங்கியது என்பதால். க்ளிஃபர்ட்தான் ஓட்டி வந்து ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் அறுபத்து மூன்றாம் எண் இடத்தில் நிறுத்தினார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அவள் இறங்கினாள். உள்ளே உட்கார வைத்தார்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், மறந்துபோனார்கள், இன்னொரு தரம் விட்டார்கள். மூன்று மணி நேரம் ஆயிற்று. கலங்கிய கண்ணோடு வெளியே வந்தபோது காரைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள், யாருடைய முகமும் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. க்ளிஃபர்ட்டின் இதயம் எப்போது நின்றது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் வரை இலவசம் என்று பலகையில் போட்டிருந்தது.

கார் மூன்று நாள் அங்கேயே நின்றது. அதைப் பார்க்கவே பெரிலுக்கு மனசு வரவில்லை. பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள். அவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். லாரி மேல் ஏறிய காரின் நம்பர் வெளிவாசல் கேமராவின் கண்ணுக்கு எட்டவில்லை. இரும்புக்கடையில் அதை நசுக்கி ஒரு பெட்டி அளவுக்குச் சுருக்கினார்கள். கம்பெனியின் கணக்கில் மட்டும் கார் உள்ளே வந்தது, வெளியே போகவில்லை. உள்ளே வந்து வெளியே போகாத கார் உள்ளேதான் இருக்க வேண்டும், அதனால் அது உள்ளேயே இருந்தது. மழை பெய்தால் அறுபத்து மூன்றில் கார் நீளத்துக்கு ஒரு இடம் நனையாமல் கிடக்கும். காலியாக இருக்கிறதே என்று அங்கே வண்டியை விட்டவர்கள் எதன் மீதோ டமாலென்று இடித்து, பின்னால் எடுத்து, வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் ஊருக்கு அது பழகிவிட்டது.

முதல் கடிதம் டிசம்பரில் வந்தது. அனுமதித்த நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தியதற்கு நூறு பவுண்டு, பதினாலு நாளுக்குள் கட்டினால் அறுபது. கீழே ஆதாரமாக ஒரு போட்டோ. பெரில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். டிரைவர் சீட்டில் க்ளிஃபர்ட் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரில் இருந்தது போன திங்கட்கிழமைத் தேதி. அவரைப் புதைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பெரில் போட்டோவை மட்டும் கத்தரித்து எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தாள்.

அப்புறம் மாதம் ஒரு கடிதம் தவறாமல் வந்தது. மார்ச்சில் அவர் மப்ளரைக் கழற்றியிருந்தார். ஜூனில் கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்திருந்தார். ஆகஸ்டில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதுவும் முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச். முப்பத்தெட்டு வருஷம் அவருக்கு சாண்ட்விச் கட்டிக்கொடுத்த பெரில் ஒரு நாளும் முக்கோணமாக வெட்டியதில்லை. அதை யார் கட்டிக்கொடுத்தார்கள் என்ற யோசனையிலேயே அந்த மாதம் முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது. செத்தவர்மேல் என்ன சந்தேகம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனாலும் அடுத்த கடிதத்தை வழக்கத்தைவிட அவசரமாகப் பிரித்தாள். அதில் அவர் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் என்று சொன்னது அவள்தான். அது அவளைத் தின்றது. அவர் காத்திருக்கும் மனிதர். கல்யாணத்துக்கு முன்னாலும் மில் வாசலில் அவளுக்காக நனைந்துகொண்டு நின்றவர், ஏன் லேட் என்று ஒரு நாளும் கேட்காதவர். வியாழக்கிழமைதோறும் பெரில் பஸ் ஏறிப்போய் அறுபத்து மூன்றின் ஓரத்தில் நின்றாள். கையை நீட்டினால் இரும்பு தட்டுப்பட்டது, கைப்பிடி மட்டும் அகப்படவில்லை. வந்துவிட்டேன் என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். அது உள்ளே கேட்டதா என்று கடைசி வரை தெரியவில்லை.

பக்கத்து வீட்டு டெரன்ஸ் நட்டால் இந்த விஷயத்தில் கரை கண்டவன். வேலை போனதிலிருந்து அவனுக்குக் கம்ப்யூட்டரில் இதே படிப்புதான். இது அரசாங்கம் போடும் அபராதம் இல்லை, தனியார் கம்பெனி அனுப்பும் வெறும் பில், பதிலே போடக்கூடாது, யார் ஓட்டினார்கள் என்று வாயைத் திறக்கவே கூடாது என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பாடம் எடுத்தான். கட்டினால்தான் கம்பெனிக்காரன் ஜெயிப்பான், கட்டாவிட்டால் தானாக ஓய்ந்துபோவான் என்றான். பெரில் தலையாட்டினாள். அவள் கட்டாததற்குக் காரணம் வேறு. கட்டிவிட்டால் கணக்கு தீரும், கணக்கு தீர்ந்தால் போட்டோ வராது. இதை டெரன்ஸிடம் சொல்லி அவன் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். இறந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிச் சான்றிதழை வைத்து அனுப்பினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சான்றிதழை அவள் துணி அலமாரியின் அடியில், துண்டுகளுக்குக் கீழே வைத்திருந்தாள்.

வருஷங்கள் போயின. கடிதங்கள் முதலில் வெள்ளையாக வந்தன, பிறகு மஞ்சளாக, பிறகு சிவப்பு எழுத்தில். கம்பெனியின் பெயர் நாலு தரம் மாறியது, விலாசம் மாறவில்லை. வசூல் செய்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் எழுதியது, அதற்குப் பிறகு வக்கீல் என்று இன்னொரு கூட்டம், இரண்டு கூட்டத்துக்கும் ஒரே கையெழுத்து. ஒரு கடிதத்தில் சோபாவை லாரியில் ஏற்றுகிற மாதிரிப் படம் போட்டிருந்தார்கள், கிழவிகளை மிரட்டுவதற்கென்றே வரைந்த படம். இதையெல்லாம் எழுதுகிறவர்களுக்கும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஒரு அம்மா இருப்பாள் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. ஆனால் பெரிலுக்கு எரிச்சல் வரவில்லை. எந்தக் கூட்டம் எழுதினாலும் கீழே போட்டோ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். நாலாவது வருஷம் அவர் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஐந்தாவது வருஷம் தூங்கிக்கொண்டிருந்தார், பேப்பர் மடியில் சரிந்து கிடந்தது. அவருக்குச் சளி பிடித்திருக்கும் என்று பெரில் கவலைப்பட்டாள்.

ஆறாவது வருஷம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பெரில் அதைப் பிரித்தாள், போட்டோ இல்லை, டிராயருக்குள் போட்டுவிட்டாள். அவள் போகாததால் கம்பெனி பக்கம் தீர்ப்பாயிற்று. டெரன்ஸுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்து முகம் சுருங்கிவிட்டது. கோர்ட் சம்மனை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது என்று அவன் சொல்ல மறந்திருந்தான். இனி கோர்ட் அமீனா ஜப்திக்கு வருவான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்று தேற்றினான். அமீனா கதவை உடைத்துக்கொண்டு வர முடியாது. நாமாகத் திறந்து உள்ளே விட்டால்தான் அவனால் எதையும் தொட முடியும். "கதவு பூட்டியே இருக்கட்டும் பெரில்க்கா. அவன் நின்னு நின்னு பாத்துட்டுப் போயிடுவான்" என்றான். இந்த ஒன்றையாவது அவன் சரியாகத்தான் சொன்னான்.

அமீனா நவம்பர் பதினெட்டாம் தேதி வந்தான். பெயர் கார்ல், நாற்பது வயசிருக்கும், மொட்டைத் தலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு தரம்தான் கதவைத் தட்டினான், அப்புறம் ஓரமாக ஒதுங்கி நின்றான். பெரில் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அவன் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. டெரன்ஸ் தன் வீட்டு ஜன்னலிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினான். பெரில் பிடிவாதமாகத்தான் இருந்தாள், ஆனால் அடுப்படியில் கெட்டில் கொதித்துவிட்டது. வாசலில் ஒருத்தன் நனைந்துகொண்டு நிற்கும்போது தனக்கு மட்டும் டீ ஊற்றிக்கொண்டு உட்கார அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. கதவைத் திறந்து, உள்ளே வா கண்ணு, டீ குடி என்றாள். கார்ல் காலை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான். ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டான். சட்டப்படி அந்த ஒரு டீயோடு வீடு அவன் கைக்குப் போயிற்று.

டீயைக் குடித்துவிட்டு அவன் பட்டியல் போட ஆரம்பித்தான். சோபாவின் ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது. டிவி பெட்டி அவன் வயசைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அலமாரியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டான். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். அறுபத்தெட்டு போட்டோ இருந்தது. யார் இது என்று கேட்டான். பெரில் சொன்னாள், யாரிடமும் சொல்லாததை முதல்முதலாக ஜப்தி செய்ய வந்தவனிடம் முழுக்கச் சொன்னாள். அவன் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், தேதிகளையும் பார்த்தான். அந்த வேலையில் அவன் பார்க்காத வீடில்லை, அதனால் அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. இரக்கம்தான் வந்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

"அம்மா, இங்க எடுத்துட்டுப் போறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் மேல எழுதிப் போட்டுடறேன். வயசானவங்க, தனியா இருக்காங்க, மொத்தத்தையும் தள்ளுபடி பண்ணிடுங்கன்னு."

"வேண்டாம் கண்ணு. சோபாவ எடுத்துக்கோ. டிவிய எடுத்துக்கோ. பாக்கிய மட்டும் கொஞ்சம் விட்டு வை."

"பாக்கிய விட்டு வைக்கவா?"

"பத்து பவுண்டு போதும். அஞ்சு இருந்தாக்கூடப் போதும். அது இருந்தாத்தானே அவங்க எழுதுவாங்க."

கார்ல் பட்டியலை மடித்து வைத்தான். பாக்கியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்களை அவன் தினமும் பார்க்கிறான், விட்டு வைக்கச் சொல்லிக் கெஞ்சியவளை அன்றுதான் பார்த்தான். அவனிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் கடனாளி மனநிலை சரியில்லாதவரா என்று ஒரு கட்டம். பெரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் டிக் போட்டான். கப்பை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தான், வாசலில் நின்று கவலைப்படாதீங்கம்மா, இனிமே ஒருத்தரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போனான். தன் வேலையில் அபூர்வமாகக் கிடைக்கும் நல்ல நாள் அது என்று அவன் நினைத்திருக்கக்கூடும். நல்ல மனசுக்காரர்கள் செய்துவிட்டுப் போவதை யாரிடம் போய் முறையிடுவது?

கம்பெனி கடைசியாக எழுதிய கடிதம் வெள்ளைத்தாளில் வந்தது. தங்கள் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்றும், ஆனாலும் நல்லெண்ணத்தின் அடையாளமாக எல்லாக் கட்டணத்தையும் ரத்து செய்வதாகவும், கணக்கு முடிக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது. கீழே போட்டோ இருந்தது. காரின் பின்பக்கம், நம்பர் பிளேட், கண்ணாடி வழியாக ஒரு நரைத்த தலை. பக்கத்து சீட் காலி. வெளியேறிய நேரம் செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டு. பெரில் அந்தத் தலையை வெகுநேரம் பார்த்தாள். திரும்பிப் பார்த்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். ஆறு வருஷம் காத்திருந்தவர் இன்னும் ஒரு வியாழக்கிழமை காத்திருக்கக்கூடாதா என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் தீர்ந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுததில்லை.

சாயங்காலம் டெரன்ஸ் ஒரு ஒயின் பாட்டிலோடு வந்தான். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் துள்ளினான். "ஜெயிச்சிட்டோம் பெரில்க்கா! நான்தான் சொன்னேனே, அவனுங்களே ஓஞ்சு போவானுங்கன்னு." கம்ப்யூட்டரில் தன் கூட்டாளிகளுக்கு அவள் கதையை எழுதிப்போட்டானாம், முன்னூறு பேர் கை தட்டியிருக்கிறார்களாம். ஆறு வருஷம் ஒரு பென்னிகூடக் கொடுக்காத கிழவி என்று அவளுக்குப் பேராகிவிட்டது. பெரில் அவனுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள், நன்றி சொன்னாள்.

மறுநாள் காலையில் கம்பெனிக்குப் போன் செய்தாள். அந்த நம்பரில் அதுவரை ஹெப்பில்ஷாவில் யாருக்கும் மனுஷக் குரல் கேட்டதில்லை, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். அன்று ஒரு பெண் எடுத்தாள், சின்ன வயசுக் குரல். கார் வெளியே போய் எந்தப் பக்கம் திரும்பியது என்று பெரில் கேட்டாள். இடப்பக்கம் என்றால் வீட்டுக்கு வருகிற வழி. அந்தப் பெண் தேடிப் பார்த்தாள், விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க எடம் அந்த வெள்ளக் கோட்டோட முடிஞ்சிடுதும்மா. அதத் தாண்டினப்புறம் எந்தப் பக்கம் போனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

பெரில் மூன்று நாள் வாசல் விளக்கை எரியவிட்டு வைத்திருந்தாள். வாசலில் யார் வீட்டு வண்டி நின்றாலும் எழுந்து போய்ப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோட்டை மாட்டிக்கொண்டு நகரசபை ஆபீஸுக்குப் போனாள். வீட்டில் ஒரே ஆள் இருந்தால் வீட்டு வரியில் கால் பங்கு தள்ளுபடி உண்டு. க்ளிஃபர்ட் இறந்ததிலிருந்து எல்லோரும் எழுதிக் கொடுக்கச் சொல்லியும் அவள் கொடுக்கவில்லை, கணவர் வெளியே காரில் இருக்கிறார் என்று முழு வரியையும் கட்டி வந்தாள். கவுண்ட்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்து, பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு, எப்போதிலிருந்து தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றாள் பெரில். அவர் எழுதிக்கொண்டார்.