வெடித்தவன் சூப் குடித்த காட்சி

செத்துப்போன விமானி எப்படித் திரும்பி வந்தான் என்று இன்னும் ஒரே ஒருவர் கேட்டால், எங்கள் வீட்டுப் போர்வை ஈரமாக இருந்ததால்தான் என்று சொல்லிவிடப் போகிறேன்.

துவைத்த போர்வை நிறைந்த வாளியுடன் கூடத்தில் நின்றபடி அவள் இப்படி நினைத்துக்கொண்டாள். கொடியில் இடமில்லை. அண்ணன் நாற்பது காகிதங்களை டீத்தண்ணீரில் முக்கி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான். பழசாகத் தெரிய வேண்டுமாம்.

"காய்ஞ்சதும் எழுதிடு, கிளிப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின தேதி போடு. ஒன்பது பாகமும் வரணும்."

"மூணு படம்தானே எடுத்திருக்கே. மிச்சம் ஆறுக்கு என்ன கதை?"

"அதையும் நீயே யோசிச்சிடேன்."

அவள் சிரித்த சிரிப்பில் வாளி ஆடியது. அவனும் சிரித்தான், ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டு. விண்வெளிப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவன், போன மாதம் ஒரு பேட்டியில் வாய்க்கு வந்தபடி அளந்துவிட்டான்: ஒன்பது பாகங்களையும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டேன் என்று. அந்தத் திட்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கண்காட்சிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவனுடைய கதை அட்டைகள் எல்லாமே தங்கையின் கையெழுத்து. பொய்யும் அதே கையெழுத்தில் இருந்தால்தான் எடுபடும்.

உண்மையில் நடந்தது இதுதான். முதல் படத்தின்போது காட்சிக்கு ஒரு அட்டை என்று எழுதி, இதே கொடியில் கிளிப் போட்டு மாட்டுவார்கள். கிளிப்பு என்ற அவளுடைய பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஒருநாள் மழை. அட்டைகளைக் கழற்றிவிட்டுப் போர்வையைக் காயப்போட்டாள். பிறகு அட்டைகளைத் திரும்ப மாட்டியபோது, 'விமானி வெடித்துச் சாகிறான்' முன்னாலும் 'விமானி சூப் குடிக்கிறான்' பின்னாலும் போய்விட்டன. அண்ணன் கொடியைப் பார்த்து அப்படியே எடுத்துவிட்டான். சூப் காட்சியில் கதாநாயகி துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தி, கையில் கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அதனால் அதை முன்னால் நகர்த்தவும் வழியில்லை. படப்பிடிப்பு அரங்கையும் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்கவும் முடியாது.

மூன்று நாள் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தட்டை அவன் முன்னால் வைத்து, எரிச்சலில் அவள் சொன்னாள்: "அந்தக் கிரகத்து ஆளுங்க செத்தாலும் பசிச்சா திரும்பி வந்துடுவாங்கன்னு வச்சுக்கோ. உனக்குத்தான் பசிக்கவே மாட்டேங்குது."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு, ஒரே நேரத்தில், சிரிப்பை நிறுத்தினார்கள்.

அதன் பிறகு வந்த இரண்டு படங்களும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து முளைத்தவை. பசியும் மரணமின்மையும் என்று யாரோ முந்நூறு பக்கத்துக்கு ஆராய்ச்சிகூடச் செய்தார்கள். அதைப் படித்துவிட்டு அண்ணனும் தங்கையும் ஒரு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் சிரித்தார்கள்.

படத்தில் தன் பெயர் வராததில் அவளுக்கு வருத்தமில்லை. சிரிப்பு நின்ற அந்த நொடிதான் அவளுக்கு முக்கியம். அதுவரை தன்னை, அண்ணன் சொல்வதை எழுதிக்கொடுப்பவள் என்று மட்டுமே நினைத்திருந்தாள். இந்தக் காகிதங்களில் எழுதினால் விமானி முதல் நாளிலிருந்தே சாகாதவன் ஆகிவிடுவான். மழை பெய்திருக்காது. தட்டை வைத்துவிட்டு அவள் எதுவும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த நொடியைத் தன் கையாலேயே அழிக்க வேண்டுமா?

"தப்பா மாட்டினதைச் சொல்லிடலாமே அண்ணா. அது இதைவிட நல்லா இருக்கு."

"மானம் போயிடும்டி. போர்வையால வந்த கதைன்னா யார் மதிப்பாங்க?"

"நான் மதிக்கிறேன்."

அவன் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான். அவன் முகத்தில் அதே பழைய நாலாம் நாள் வாட்டம். அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது, பாசமும் வந்தது. பேனாவை வாங்கி, மூடிவிட்டு, அவன் சட்டைப் பையில் செருகினாள். காகிதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவன் கையில் அடுக்கினாள்.

"நான் எழுத மாட்டேன் அண்ணா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, காலியான கொடியில் போர்வையை உதறிப் போட்டாள்.